முன்னால் வந்த காயங்கள்

"எதனால மங்குதுன்னு உங்களால சொல்ல முடியுமாம்மா?" என்று நகரத் தலைவர் ஒருநாள், ஊர் மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப் போடும் கட்டுக்காரியிடம் கேட்டார். அவளால் சொல்ல முடியவில்லை. அந்த ஊரில் காயங்கள் அடிக்கு முன்னால் வந்தன. உளி நழுவுவதற்குச் சில நாள் முன்பே தச்சரின் கட்டைவிரலில் வெட்டு வந்துவிடும். படிக்கட்டில் விழப்போகிறவரின் முழங்கால், விழுவதற்கு முந்தின வாரமே தோல் உரிந்து நிற்கும். வலி மட்டும் அடியோடு சேர்ந்து வரும். அதுவரை காயம் ரத்தம் கசியாமல், உறுத்தாமல், முன்பணம் கொடுத்துவிட்டுக் குடிவந்தவர் போல உடம்பில் ஓர் ஓரமாக இருக்கும். இது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை. மண்ணெண்ணெய் விலை, பஸ் நேரம், யார் முதுகில் என்ன வந்திருக்கிறது, மூன்றும் அங்கே ஒரே குரலில் விசாரிக்கப்பட்டன.

வெளியூர்க்காரர்களுக்குத்தான் இது விநோதம். ஒருமுறை காப்பீட்டு ஏஜென்ட் ஒருவர் தோல்பையோடு வந்து இறங்கினார். முதல் நாள் அவருக்கு நம்ப முடியாத வியாபாரம். மறுநாள், பாலிசி எடுத்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே காயத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இனிமே நடக்கப்போற விபத்துக்கு நேத்தே அடிபட்டா நான் ஆபீசுக்கு என்னன்னு சொல்றது?" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். மத்தியான பஸ்ஸில் கிளம்பியும் போனார். பஸ் ஏறும்போது அவர் நெற்றியில் சின்ன வீக்கம் இருந்ததாகவும், யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை என்றும் டீக்கடையில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

ஊர் மருத்துவமனையில் கட்டுப் போடும் அறை பின்பக்கம், கிணற்றை ஒட்டி இருந்தது. அங்கே இரண்டு பெஞ்சுகள். சன்னல் பக்கத்துப் பெஞ்சு அடி விழுந்துவிட்ட காயத்துக்கு, சுவர் பக்கத்துப் பெஞ்சு அடி இனிமேல் விழப்போகிற காயத்துக்கு. சன்னல் பெஞ்சுக்குப் புது வெள்ளைத் துணி, சுவர் பெஞ்சுக்கு வெந்நீரில் போட்டு அலசிக் காயவைத்த பழைய துணி. வலியே இல்லாத காயத்துக்கு எதற்குக் கட்டு என்று கேட்டால் கட்டுக்காரி, "ஈக்குத் தெரியுமா, அடி விழுந்துச்சா விழலையான்னு?" என்பாள். அதற்கு மேல் பேசமாட்டாள். பேச்சு அவளுக்குச் சரளமாக வராது. சின்ன வயதிலேயே அந்த அறைக்கு வேலைக்கு வந்து, இடுக்கியும் கத்தரிக்கோலும் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள். சுவர் பெஞ்சில் எப்போதும் கலகலப்பு. சன்னல் பெஞ்சில் முனகல். சுவரிலிருந்து சன்னலுக்கு அறையின் அகலம்தான் தூரம். ஊரில் பாதிப் பேர் அந்தத் தூரத்தை ஒருமுறையாவது கடந்திருந்தார்கள்.

உளியும் படிக்கட்டும் செய்கிற காயத்தைப் பற்றி ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் கன்னத்தில் விரல் தடமோ மண்டையில் தடியடியோ வந்தால், அதற்கு ஒரு கை வேண்டும், அந்தக் கைக்கு ஒரு ஆள் வேண்டும். அப்படி வந்தவர்கள் உட்காரப் போனார்கள். யார் மேல் சந்தேகமோ அவர் வீட்டுக்குப் போய், நடுக்கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். வீட்டுக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். வந்தவர் வந்த காரணத்தைச் சொல்லக் கூடாது. காரணம் எப்படியும் மூஞ்சியில் தெரியும். காயம் மங்கி மறைந்தால் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். இவ்வளவுதான் முறை. கயிற்றுக்கடைத் தம்பி இப்படித் தன் அண்ணன் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தான். தினம் மூன்று வேளை அவனுக்குச் சமைத்துப் போட்டுச் சலித்துப்போன அண்ணி, இருவருக்கும் வழக்காக இருந்த கிணற்றில் பாதியைத் தம்பிக்கு எழுதிக் கொடுக்கும்படி புருஷனைப் பிடுங்கியெடுத்தாள். தம்பியின் மண்டைப் பிளவு மறைந்தது. சாப்பாடு பிடித்துப்போனதால் அவன் டம்ளரைக் கவிழ்க்க இன்னும் சில நாள் எடுத்துக்கொண்டான் என்பது வேறு விஷயம். ஆனால் எல்லா நேரமும் இப்படி முடிந்ததில்லை. "நான் உன்னை அடிப்பேன்னு நினைச்சுட்டல்ல?" என்று வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்து, அந்த ரோஷத்திலேயே அடி விழுந்ததும் உண்டு. உட்கார்ந்தால் ஏன் சில காயம் மங்குகிறது, ஏன் சிலது மங்கவில்லை என்பதை யாரும் கண்டுபிடித்துச் சொன்னதில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கமும் ஓர் ஊர் இருந்தது. அங்கேயும் காயங்கள் இதே மாதிரிதான் வந்தன. நடுவில் ஒரு இரும்புப் பாலம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். கட்டுக்காரியின் அக்கா அந்தக் கரையில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷனுக்குக் கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கில் காவல் வேலை. இந்தக் கரையில் லேத் பட்டறைகள். கட்டுக்காரியின் கணவர் அதில் ஒன்றில் பம்புத் தண்டு கடைகிறவர். குவாரிக்குப் பம்பு இங்கிருந்து போகும், கிணறு தோண்ட வெடிமருந்து அங்கிருந்து வரும். இப்படி இருந்தபோது ஒரு கோடையில் ஆற்றின் நடுவே மணல்திட்டு ஒன்று முளைத்தது. ஒரு லாரி நிற்கக்கூட இடமில்லாத திட்டு. இந்தக் கரைப் பையன்கள் அதில் ஒரு கொடி நட்டார்கள். அந்தக் கரைப் பையன்கள் அதைப் பிடுங்கி, தங்கள் கொடியை நட்டார்கள். முதல் வருடம் அது விளையாட்டு. இரண்டாம் வருடம் இரண்டு ஊரிலும் அதைப் பற்றிக் கூட்டம் நடந்தது. மூன்றாம் வருடம் பாலத்தின் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தி, போகிற வருகிறவர்களின் பையைத் தடவிப் பார்த்தார்கள். பெண் கொடுப்பது நின்றது.

அந்த வருடம் மழை விட்ட ஒரு காலையில் ஊரில் நானூறு பேருக்கு மேல் காயத்தோடு எழுந்தார்கள். அப்படிப்பட்ட காயத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. சுட்ட சரளைக் கல்லை வாரி வீசினால் எப்படி இருக்குமோ அப்படி, ஓரம் கருகி, சின்னச் சின்னதாக. கட்டுக்காரி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தாள். இடது தோள்பட்டையில், சட்டைக் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பொத்தான் அளவுக்குப் பள்ளம். எலும்பு வரை ஆழம். சீப்பு நின்றுவிட்டது.

"என்னம்மா, ஏன் நிறுத்திட்டே?"

"ஒண்ணும் இல்ல. சிக்கு."

அன்று சுவர் பெஞ்சின் வரிசை கிணற்றைச் சுற்றி வளைந்து தெருவுக்குப் போனது. யாரும் ஜோக் அடிக்கவில்லை. பழைய துணி தீர்ந்து, வீடுகளிலிருந்து வேட்டியும் போர்வையும் கிழித்துக் கொண்டுவந்தார்கள். உளி செய்கிற காயமும் இல்லை, படிக்கட்டு செய்கிறதும் இல்லை. இதற்கு ஒரு கை வேண்டும். எல்லோரும் சன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார்கள்.

மரக்கடைக் கொட்டகையில் பகல் வேளையில் கூட்டம் நடந்தது. நகரத் தலைவர் முன்பு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். சண்டைக்கு அலைகிற ஆள் இல்லை. பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவியின் முதுகு முழுக்க வந்திருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. "நான் சும்மா இருந்துடலாம்," என்றார். "சும்மா இருந்து, இது நடந்துட்டா? அன்னைக்கு நீங்க எல்லாரும் என்கிட்ட வந்து, காயத்தைக் கண்ணால பாத்துட்டுத்தானே இருந்தேன்னு கேப்பீங்க. நான் என்ன பதில் சொல்றது?" அப்போது பின்வரிசையிலிருந்து நாவிதர் எழுந்தார். அவருக்குக் காது மடலில் ஒன்று வந்திருந்தது.

"நம்ம முறை ஒண்ணு இருக்கே. நானூறு பேரும் கிளம்பி அந்தக் கரைக்குப் போய் உக்காந்துடலாம்."

யாரோ, "அத்தனை டம்ளருக்கு அவங்க எங்கய்யா போவாங்க?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பயத்தில் இருக்கிறவர்கள் சிரிக்கிற மாதிரி, தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்கள். நாவிதரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். சிரிப்பு அடங்கியபோது முடிவாகிவிட்டிருந்தது. அவர்கள் அடிப்பதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும்; மனிதர்களை இல்லை, வெடிமருந்துக் கிடங்கை மட்டும்; விடியற்காலையில், காவல் ஆள் மாறுகிற நேரத்தில், யாரும் இல்லாதபோது. கை தூக்கச் சொன்னார்கள். கட்டுக்காரியும் தூக்கினாள். யாரும் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை. கண்ணெதிரே இருந்தது ஒரு பொத்தான் அளவுப் பள்ளம் மட்டும்.

பட்டறைகளில் பம்புத் தண்டு கடைவது நின்று, பீரங்கிக் குழாய் கடைவது தொடங்கியது. காயம் வராதவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதால் பீரங்கிக்கு அவர்களையே போட்டார்கள். கட்டுக்காரியின் கணவரான லேத்துக்காரர் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. வீட்டுக்கு வந்தால் இரும்புத் தூள் படிந்த கையைச் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவிக்கொண்டிருப்பார். "எதுக்கு இவ்வளவு நேரம்?" என்று கட்டுக்காரி ஒருநாள் கேட்டதற்கு, "பாப்பா தோளைத் தொடணும்ல," என்றார்.

எல்லாம் தயாராகி, நாளும் குறித்தபிறகு, அக்கா வந்தாள். பாலத்தில் இரண்டு முனையிலும் நிறுத்தி, பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டிருந்தார்கள். கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கூடத்துக்கு வந்து, சன்னலோர நாற்காலியை நடுவுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டுக்காரி அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து வைத்தாள். டம்ளர் கோணலாக உட்கார்ந்து தண்ணீர் கொஞ்சம் சிந்தியது.

"வைக்கறதைத் திருத்தமா வைடி. சின்னப் பிள்ளையிலிருந்து உனக்கு இது ஒண்ணு வரலை," என்றாள் அக்கா.

காரணம் சொல்லக் கூடாது என்பதுதான் முறையே தவிர, பேசவே கூடாது என்றில்லை. அக்காவோ மௌனவிரதம் இருக்கிற ஜாதி இல்லை. அந்தக் கரையிலும் அதே காலையில் முந்நூற்றுச் சொச்சம் பேர் காயத்தோடு எழுந்தார்கள் என்பது அவள் பேச்சிலிருந்துதான் தெரிந்தது. "உங்க அத்தானுக்கு உடம்புல ஒட்டுப்போட இடமில்ல. சட்டையைக் கழட்டினா சல்லடை. அதுல நின்னுக்கிட்டு, இனிமே எனக்கு வேர்க்கவே வேர்க்காது, காத்து நல்லா வரும்ங்கறார்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு, "எங்க ஊர்லயும் ஒரு கிழவர் சொன்னார், எல்லாருமா கிளம்பி உங்க கரைக்கு வந்து உக்காரலாம்னு. சிரிச்சாங்க. எனக்கு என்னமோ சிரிப்பு வரல," என்றாள். லேத்துக்காரர் பட்டறையிலிருந்து வந்து, "வாங்க அண்ணி," என்றவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். "கையில என்ன தம்பி, எனக்கு மிட்டாயா?" என்றாள் அக்கா. அவர் கையைக் கழுவப் போனார்.

மறுநாள் மத்தியானம் மகளின் கட்டைப் பிரித்தபோது கட்டுக்காரி முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். பள்ளத்தின் ஓரத்திலிருந்த கருகல் போயிருந்தது. எலும்பு தெரிந்த இடத்தில் தசை வந்திருந்தது. சன்னல் பக்கம் திருப்பிவைத்து, விரலை நனைத்துத் தடவிப் பார்த்தாள். கூடத்தில் அக்கா தனக்குத் தெரிந்த ஒரே கதையை மகளுக்கு மறுபடி மறுபடி சொல்லி அலுப்புக் கொடுத்துக்கொண்டிருந்ததைத் தவிர அந்த வீட்டில் புதிதாக ஒன்றும் நடந்திருக்கவில்லை.

அவள் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள். வாழ்நாளில் அவள் தானாக ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியது அதுதான் முதல் முறை. தலைவர் பழைய கடையிலிருந்து எடுத்துவைத்திருந்த பூதக்கண்ணாடியால் தோளைப் பார்த்தார். "மங்குது," என்றார்.

"அக்கா வந்து உக்காந்திருக்கா ஐயா. நேத்துலேந்து."

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "காலையில ரெண்டு பேர் வந்தாங்க, மங்குதுன்னு. அவங்க வீட்டுல யாரும் வந்து உக்காரலை. நாலு பேர் வந்தாங்க, கூடிடுச்சுன்னு. நாம முந்திக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். அவங்க கிடங்கே இல்லாம போயிட்டா அவங்களால அடிக்க முடியாது. அதனாலயும் மங்கலாம்ல? உங்க அக்கா வந்ததாலயா, நாம முடிவு பண்ணதாலயா? எதனால மங்குதுன்னு உங்களால சொல்ல முடியுமாம்மா?"

அவர் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ரெண்டு நாள் தள்ளிப் போட்டா தெரிஞ்சுடும் ஐயா."

"அந்த ரெண்டு நாள்ல அவங்க முந்திக்கிட்டா?"

"கிடங்குல காவலுக்கு ஆள் இருக்கும் ஐயா."

"ஆள் மாத்தற நேரம்மா அது. யாரும் இருக்க மாட்டாங்க."

அத்தான் மாற்று ஆள் வந்தபிறகும் வீட்டுக்குக் கிளம்பமாட்டார் என்பது கட்டுக்காரிக்குத் தெரியும். வந்தவரோடு சேர்ந்து டீ போட்டுக் குடித்து, ஊர்க்கதை பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இதற்காகவே அக்கா அவரோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். அவள் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தலைவர், "நான் ஒண்ணு சொல்றேன்," என்றார். "உங்க பொண்ணு தோள்மேல கையை வெச்சு, தள்ளிப் போடுங்கன்னு நீங்க சொல்லுங்க. தள்ளிப் போடறேன்."

அவர் நிஜமாகவே சொன்னார். அவர் முகத்தில், யாராவது அப்படிச் சொல்லிவிட மாட்டார்களா என்ற ஏக்கம்கூட இருந்தது. கட்டுக்காரி மகளின் தோளில் கையை வைத்தாள். பள்ளம் விரலுக்கு அடியில் இருந்தது. பாதி வந்திருந்தது, பாதி போயிருந்தது. சாயங்கால பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு தெருவைக் கடந்து போனது.

"அம்மா, கை ஜில்லுன்னு இருக்கு," என்றாள் மகள்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் வீட்டுக்குத் திரும்பி நடந்தார்கள்.

அக்கா கிளம்புவதற்காகத் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். "வீட்டுல ஒரு எட்டு பாத்துட்டு, மறுபடி வந்து உக்காந்துக்கறேன். அந்த மனுஷனுக்கு ஒரு வாய் சுடச்சுடப் போடலைன்னா டீயைக் குடிச்சே வயித்தை நிரப்பிக்குவார்." நாற்காலி நடுக்கூடத்தில் அப்படியே இருந்தது. டம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தது.

"இருந்துட்டுப் போக்கா," என்றாள் கட்டுக்காரி. "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போ."

எல்லா வீட்டிலும் விருந்தாளியிடம் சொல்கிற வார்த்தைதான். ஆனால் கட்டுக்காரி வாய் திறந்து யாரையும் இருக்கச் சொன்னதில்லை; அக்காவையும்தான். அக்காவின் கை தலையிலேயே நின்றது. தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அடுப்படி வாசலில் நின்ற லேத்துக்காரரின் கையைப் பார்த்தாள். எவ்வளவு கழுவியும் நகக்கண்ணில் இரும்பு கறுப்பாக இருந்தது. பிறகு குனிந்து, மகளின் சட்டைக் கழுத்தை விலக்கித் தோளைப் பார்த்து, கழுத்தை மறுபடி சரிசெய்துவிட்டாள். அவ்வளவு பேசுகிறவள் ஒரு வார்த்தையும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பாலத்தைப் பார்க்க நடந்தாள். டம்ளர் நிமிர்ந்தபடியே இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் பீரங்கி வெடித்தது. கிடங்கு போன சத்தத்தில் இரண்டு ஊரின் சன்னல்களும் உடைந்தன. டீ குடித்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கரையிலிருந்து குண்டுகள் வந்தன. வெடிமருந்தில் பாதியை அவர்கள் ஏற்கெனவே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். எங்கெங்கே காயம் இருந்ததோ அங்கங்கே வலி வந்து சேர்ந்தது. சுவர் பெஞ்சிலிருந்த மொத்தப் பேரும் சன்னல் பெஞ்சுக்கு வந்தார்கள். தலைவரின் மனைவி அங்கே வந்து சேரவில்லை. மகளின் தோளில் ஒரு இரும்புத் துண்டு, இருந்த பள்ளத்தில் சரியாகப் புகுந்தது. ஆனால் பள்ளம் பாதி தூர்ந்திருந்ததால் பாதியிலேயே நின்றுவிட்டது. கட்டுக்காரி அதை இடுக்கியால் எடுத்தாள். நகத்தைவிடச் சின்னதாக இருந்தது. மகள் பிழைத்தாள். அந்தக் கை மட்டும் தோளுக்கு மேல் எழும்பவில்லை.

சண்டை இரண்டு மழைக்காலம் நடந்தது. முதல் மழையிலேயே மணல்திட்டை வெள்ளம் கொண்டுபோய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. பாலம் விழுந்தது. காயம் வராதவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற கணக்கும் முதல் மாதத்தோடு போயிற்று, ஏனென்றால் தினமும் காலையில் புதுப்புதுக் காயங்கள் வந்தன. லேத்துக்காரர் இரண்டு விரலைப் பறிகொடுத்துவிட்டுத் தப்பினார். எல்லாம் ஓய்ந்தபிறகு, நாங்கள் சொன்னது சரியாகிவிட்டது என்று இந்தக் கரையில் சொன்னார்கள்: அவர்கள் அடிப்பார்கள் என்று காயம் சொன்னது, அடித்தார்கள். அந்தக் கரையிலும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் மருந்தை மாற்றிவைத்திருந்தது முன்பே திட்டம் போட்டிருந்ததால்தான் என்று தலைவர் சாகும்வரை நம்பினார். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பது கட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். "இருந்துட்டுப் போக்கா" என்று தான் சொன்னதை அக்கா அந்தக் கரையில் போய் யாரிடமாவது சொன்னாளா? சொல்லியிருந்தால் ஏன் அத்தானை அன்று வேலைக்கு விட்டாள்? அவர்தான் போகாமல் இருக்கமாட்டேன் என்றாரா? இதைக் கேட்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளும் இவளிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு.

பதினோரு வருடம் போயிற்று. அதில் பெரும்பகுதி, முன்னால் வரும் காயம் ஒன்றும் இரண்டு ஊரிலும் வரவில்லை. பிறகு ஒருநாள் தச்சர் மகனின் கட்டைவிரலில் வெட்டு வந்தது. உளி நழுவியது மறுவாரம். ஊர் கொஞ்சம் நிம்மதியடைந்தது. சுவர் பெஞ்சைத் துடைத்துப் பழைய இடத்தில் போட்டார்கள். கட்டுப் போடும் அறையில் இப்போது மகள்தான் வேலை பார்த்தாள், உயரத்திலிருக்கும் துணியை எடுக்க முக்காலி போட்டுக்கொண்டு. வீட்டில் அந்த டம்ளர் மட்டும் அலமாரியில் தனியாக இருந்தது. வெள்ளிக்கிழமை தூசி துடைக்கும்போது கட்டுக்காரி அதையும் எடுத்துத் துடைத்து, நிமிர்த்தியே வைப்பாள். மற்ற பாத்திரத்தோடு சேர்க்கமாட்டாள்.

ஒரு காலையில் அவள் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடியில் இடது கன்னத்தில் ஐந்து விரல் தடம் சிவப்பாக இருந்தது. வலி இல்லை. யாருடைய கை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் அந்தக் கையால் எத்தனையோ வாங்கியிருக்கிறாள். தலையை வாரி, நல்ல புடவை கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசற்படியில் அக்கா நின்றாள். நரைத்திருந்தாள். பரிசலில் ஆற்றைக் கடந்து வந்த ஈரம் புடவைக் கரையில் இருந்தது. கழுத்தில் பழைய வடு. இடது கன்னத்தில் ஐந்து விரல் தடம்.

இருவரும் ஒருவர் கன்னத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் யார் வீட்டுக்கு உட்காரப் போவது என்பதற்கு முறையில் வழி சொல்லப்படவில்லை. மகள்தான் உள்ளேயிருந்து, "வாங்க பெரியம்மா. அம்மா, நீயும் வந்து உக்காரு," என்றாள். நடுக்கூடத்தில் இரண்டு நாற்காலியை எதிரும் புதிருமாகப் போட்டாள். அம்மாவுக்குச் சமையலறை டம்ளரில் தண்ணீர் வைத்தாள். பெரியம்மாவுக்கு அலமாரியிலிருந்து எடுக்க முக்காலி போட்டு ஏறினாள். அவள் கை எழும்பாமல் பாதியில் நிற்பதை அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தக் கூடத்தில் கேட்கப்படவேண்டிய கேள்விகள் இரண்டு இருந்தன. நீ போய்ச் சொன்னியா? உனக்குத் தெரிஞ்சிருந்துச்சா? எது முதலில் கேட்கப்பட்டாலும் அதன் பதிலில் கன்னத்தில் விழும் ஓர் அறை இருந்தது, அந்த அறைக்குப் பதிலாக இன்னொன்று இருந்தது. இருவருக்கும் அது தெரிந்தது. அக்கா வாயைத் திறப்பாள். தண்ணீரைக் குடித்துவிட்டு மூடிக்கொள்வாள். லேத்துக்காரர் மிச்சமிருந்த விரல்களால் டம்ளரைப் பிடித்து மறுபடி நிரப்பிவைப்பார். மகள் வேலைக்குப் போகும் முன் இருவர் கன்னத்தையும் துடைத்துவிட்டுப் போவாள். "ரெண்டு பேரும் இப்படியே உக்காந்திருந்தா நாற்காலிக்கு வேர் விட்டுடும்," என்று ஒருநாள் சொன்னாள். அக்காவின் உதடு லேசாக வளைந்தது, சத்தம் வரவில்லை. மழை பெய்தது, விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்துவிட்டு, உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள்.

முதலில் சுண்டுவிரல் மங்கியது. பிறகு மற்றவை, ஒவ்வொன்றாக, இருவர் கன்னத்திலும் ஒரே வரிசையில். கட்டைவிரலின் தடம் மட்டும் கொஞ்ச நாள் பிடிவாதமாக இருந்தது. ஒரு முற்பகலில், சன்னல் வெளிச்சம் நாற்காலிவரை வந்தபோது, கட்டுக்காரி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். வெறும் கன்னம், வயதான, சுருக்கம் விழுந்த கன்னம். எதனால் மங்கியது என்று அவளால் இப்போதும் சொல்ல முடியாது. யாரும் கேட்கவும் இல்லை.

அக்கா டம்ளரிலிருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அதைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சம் கோணலாக இருந்ததால் குனிந்து திருத்தமாக வைத்தாள். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றைப் பார்க்க நடந்தாள்.